வண்டியோடும் கட்டிலோடும் தேசாந்தரம் போனவர்கள்

ஒரு குடும்பத்தார் தாம் பிறந்த ஊரை விட்டுப் பிறதேசத்திற் குடியேறப் புறப்படுங்கால், எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்னும் கேள்வி எழுமன்றோ? அன்று அவ்வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தை நம்மிற் பலர் நேரே கண்டிருக்கிறோம். அம்மிக்கல்லைக் கொண்டுபோக வேண்டுமென்பாள் பாட்டி. பெட்டி கனக்குமென்பான் பேரன். கப்பலேறிப் பினாங்குக்கும் இரங்கூனுக்கும் நெட்டாலுக்கும் சென்ற நம் முன்னோர் கொண்டுபோனது ஒரு தகரப் பெட்டியும் ஒரு துணி மூட்டையுமே. உளி, இழைப்புளி, முழக்கோல் வைத்த பை ஒன்று கூட இருந்தால் அவர் பாக்கியசாலி. ஆயின், வீட்டையே சக்கரங்களின்மேல் ஏற்றி, மாடு பூட்டி, மனைவி மக்களோடு ஒரு தேசத்தை விட்டு இன்னொரு தேசத்திற்கு ஓட்டிச் சென்ற ஜனங்களும் உலகில் இருந்தனர். அவர்களுள் ஒரு கூட்டத்தாரின் கதையை இவ்விதழில் எழுதப் புகுகின்றோம்.

அரச வமிசங்களின் கதைகளையே படித்துப் பழகிய நம் அன்பர்கள், வண்டியின் கதை சரித்திரமாகுமோ என்று ஐயுறலாம். மரமும் இரும்பும் கொண்டு பிழைக்கும் மரபினராகிய நாமே அவ்வாறு ஐயுறுவோமாயின் வேறு யார்தாம் இதனைச் சொல்வார்? தவிரவும், இக்கதை தொடங்கிய நாட்டில் நம் நாட்டாரும் அடிமைகளாய் இருந்தனர். முடிந்த நாட்டில் நம்மவர் கூலிகளாய்ப் போய்ச் சேர்ந்தனர். எனவே இது நமக்கு முற்றும் அயற்கதையன்று.

ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்கோடியில் நன்னம்பிக்கை முனை என்றொரு பிரதேசம் உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1652-ம் வருஷம் தங்கள் கப்பல்கள் தங்கிச் செல்வதற்காக அங்கே ஒரு கோட்டை கட்டினர். நாளடைவில் டச்சுக்காரரும், ஜெர்மானியரும், மதக் கொடுமைக்கஞ்சி வந்த பிரெஞ்சுக்காரரும் அங்கே நிலம் பெற்று உழவும் மேய்ச்சலும் செய்து பெருகினர். இவர்களே போயர் எனப்படுவார். இச்சொல்லைக் கண்டு நம் நாட்டிலுள்ள ஒரு மரபின் பெயரென்று மயங்கற்க. டச்சு மொழியில் அதற்கு உழவர் என்பதே பொருள். இவர்களுடைய வயலிலும் வீட்டிலும் வேலை செய்தவர் அந்நாட்டுப் பழங்குடிகளாகிய கொய்கொய் ஜனங்களும், கும்பினியார் கப்பலேற்றிக் கொண்டுவந்த அடிமைகளும். அவ்வடிமைகள் மடகாஸ்கர், மொசாம்பிக், ஜாவா முதலிய இடங்களிலிருந்து மட்டுமன்றி, வங்காளம், மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய இடங்களிலிருந்தும் கொண்டுபோகப் பட்டவர்கள். கப்பலில் ஏற்றிய துறையின் பெயரையே அவர்களுக்குக் குடும்பப் பெயராக எழுதி வைத்தனர் கும்பினிக் கணக்கர்.

1806-ம் வருஷம் அந்நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. புதிய துரைத்தனத்தார் 1828-ல் கொய்கொய் ஜனங்களைக் கட்டாயப்படுத்தும் பழைய சட்டங்களை நீக்கினர். 1834-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. எனினும், நான்கு வருஷம் எஜமானரிடமே பழகுநராய் இருக்க வேண்டுமென்றனர். அடிமைகளின் கிரயமாக ஏற்பட்ட மதிப்பிற் பாதிக்கும் குறைவான தொகையே எஜமானருக்கு ஈடாகக் கிடைத்தது. அதனையும் லண்டனிற் பெற்றுக்கொள்ள வேண்டுமென்று ஏற்பாடாயிற்று. ஆயிரக்கணக்கான மைல்களுக்கப்பால் உள்ள உழவன் லண்டனுக்குப் போவதெங்ஙனம்? தரகர்கள் அச்சீட்டுகளை அற்ப விலைக்கு வாங்கினர். அடிமைக்கு ஒரு காசேனும் ஈடு கொடுக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றாதது ஈண்டுக் கவனிக்கத் தக்கது. அதே மாதத்தில் கீழெல்லையில் கோசா ஜனங்களோடு யுத்தம் மூண்டு பண்ணைகள் எரிந்தன. மேய்ச்சல் நிலமும் குறைந்து வந்தது. இவை யாவும் சேர்ந்து, ஆங்கிலேயர் ஆளுகையே வேண்டாவென்று போயர்களிற் பலரை வடக்கே புறப்படச் செய்தன. இதனையே சரித்திரக்காரர் பெரும் பிரயாணம் என்பர்.

காரணம் யாதென்பதை அவர்களே எழுதியும் வைத்தனர். பியேட் ரிட்டீப் என்னும் தலைவர் வெளியிட்ட அறிக்கை 1837-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 2-ந் தேதி கிரஹாம்ஸ்டவுன் பத்திரிகையில் வெளியாயிற்று. தாங்கள் போகுமிடத்தில் ஒருவரையும் அடிமையாக வைப்பதில்லை என்று அதிற் கூறிய அவர், எஜமானனுக்கும் வேலைக்காரனுக்கும் உரிய முறை மட்டும் காக்கப்படும் என்றும் சேர்த்துக் கொண்டார். அவருக்கு உறவினளாகிய அன்னா ஸ்டீன்காம்ப் என்னும் மாது பின்னர் எழுதியது இன்னும் வெளிப்படையானது. அடிமைகளை விடுவித்ததைக் காட்டிலும், அவர்களைக் கிறிஸ்தவர்களோடு சரிசமானமாக வைத்ததே பொறுக்கவில்லை என்றாள் அவள். சிறந்த தைரியசாலிகளின் கதையை எழுதுகிறோமென்று இதனை மறைப்பது முறையன்று.

நிற்க. இனி வண்டியைக் கவனிப்போம்.

அவர்களுடைய வண்டிக்குத் தாடையெலும்பு வண்டி என்று பெயர். பக்கச் சட்டங்கள் முன்னே தாழ்ந்து பின்னே உயர்ந்து, மாட்டின் கீழ்த்தாடை எலும்பு போலத் தோன்றியதால் வந்த பெயர் அது. குழந்தைகள் உண்மையான தாடையெலும்புகளையே வண்டியாக வைத்து விளையாடினராம். வண்டியின் நீளம் ஏறத்தாழப் பதினைந்து அடி. அகலம் அதற்கேற்ப இன்றிக் குறுகியது, மலைக்கணவாயிற் புகவேண்டுமாதலின். சக்கரங்கள் நான்கு; முன்னவை சிறியவை, பின்னவை பெரியவை. குடத்திற்கொரு மரம், ஆரைக்காலுக்கொரு மரம், வட்டைக்கொரு மரம் என்று அந்நாட்டுக் காட்டுமரங்களில் தேர்ந்து செய்தனர். இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி வட்டையின்மேல் ஏற்றித் தண்ணீர் விட்டு இறுக்கும் வேலையை நம் பட்டறைகளிற் கண்டவர்க்கு விரித்துரைக்க வேண்டா. வறண்ட நாட்டில் மாதக்கணக்காய் ஓடினால் மரம் சுருங்கிப் பட்டை தளரும். ஆறு கண்ட இடத்தில் சக்கரங்களை நீரில் ஊறவைப்பார்கள். வண்டியின் அடியில் அச்சுக்கிடும் கீலும் கொழுப்பும் வைத்த வாளியொன்று ஆடிக்கொண்டே போகும். வேண்டும்போது வண்டி முழுவதையும் பிரித்து, தோளிற் சுமந்து, ஆற்றுக்கோ பாறைக்கோ அப்பால் மறுபடியும் பூட்டலாம். இத்தகைய வண்டிகளிற் பல, பட்டினத்துப் பட்டறைகளிற் செய்தவை. தலைவர்களுள் ஒருவரான கெரிட் மாரிட்ஸ் என்பவரே கிராப்ரெய்னெட் என்னும் ஊரில் வண்டி செய்து பொருளீட்டியவர். அவருடைய வண்டிகள் வெளிர்நீல வர்ணம் பூசப்பட்டிருந்தன. போர்வீரரும் குருமாரும் தலைமை வகித்த அக்கூட்டத்தில் ஒரு வண்டித் தச்சரும் தலைவராய் இருந்தது நமக்கு மகிழ்ச்சியன்றோ?

ஒரு வண்டிக்குப் பத்து முதற் பதினாறு மாடு பூட்டுவர். திரித்த தோற்கயிறு நடுவே நீண்டு செல்ல, இருமருங்கும் நுகத்தடியில் ஜோடி ஜோடியாக மாடுகள் இழுக்கும். முன்மாட்டின் கயிற்றைப் பிடித்து ஒரு சிறுவன் நடப்பான். வண்டிக்காரன் நீண்ட சாட்டையோடு பக்கத்தில் வருவான். இவ்விருவரும் பெரும்பாலும் கொய்கொய் ஜனங்களோ, பழைய அடிமைகளோ ஆவர். போயர்களில் 1840-க்குள் ஏறக்குறைய ஆறாயிரம் பேர் இங்ஙனம் புறப்பட்டனர் என்பர். அவர்களோடு சென்ற பணியாட்களும் பல ஆயிரவர். முன்னவர் பெயர்கள் பட்டணங்களுக்கும் வீதிகளுக்கும் இடப்பட்டன. வண்டியை ஓட்டியவன் பெயரும், கயிறு பிடித்து நூற்றுக்கணக்கான மைல் நடந்த சிறுவன் பெயரும் எழுதப்படவில்லை.

வண்டியினுள்ளே என்ன இருந்ததென்பதைப் பெண்மக்கள் ஆவலோடு கேட்பர். முன்னே ஒரு பெட்டி, பின்னே ஒரு பெட்டி. முன்பெட்டியே வண்டிக்காரனுக்கு ஆசனமுமாகும். ஒன்றில் மாற்றுடை, மருந்து, வேதபுத்தகம். மற்றொன்றில் காய்ந்த ரொட்டி, உப்பிட்டு உலர்த்திய இறைச்சி, காப்பிக்கொட்டை. வெடிமருந்துப் பீப்பாய், ஈயக்கட்டி, குண்டு வார்க்கும் அச்சு ஆகியவை தனியிடத்தில். காப்பிக் கெண்டி, வெண்ணெய் கடையும் பாண்டம், மெழுகுவர்த்தி வார்க்கும் அச்சு, ஆட்டு வாற்கொழுப்பில் சவர்க்காரம் காய்ச்சும் இரும்புக் கொப்பரை, விதை முடிச்சுகள், வண்டிக்கடியிற் கோழிக்கூண்டு. பண்ணையில் இருந்த மேஜையும் அலமாரியும் பெரும்பாலும் விற்கப்பட்டன. விற்க முடியாதவை விட்டு விடப்பட்டன. ஆட்டு மந்தையும் மாட்டு மந்தையும் கூடவே வந்தமையால் ஆடு நடக்கும் வேகமே வண்டியின் வேகம். நாளொன்றுக்கு ஐந்தாறு மைல் போனால் போதுமென்றிருந்தனர்.

இவற்றிலெல்லாம் நம்மைப் பெரிதும் வியக்கச் செய்தது ஒன்றுண்டு. வண்டியின் உள்ளே, குறுக்குச் சட்டம் நான்கு கோத்து, தோல்வாரால் நெருக்கிப் பின்னிய படுக்கை ஒன்றைப் பொருத்துவர். குடும்பத் தலைவனும் தலைவியும் கைக்குழந்தையும் அதன்மேற் படுப்பர்; நோயாளியும் கர்ப்பிணியும் பகலிலும் அதன்மேலேயே கிடப்பர். எத்தனையோ குழந்தைகள் ஓடும் வண்டியில் அதன்மேற் பிறந்தன. அப்படுக்கைக்குப் போயர் மொழியில் வழங்கும் பெயர் காட்டெல் என்பது. அச்சொல் எங்கிருந்து வந்ததென்று ஆராய்ந்த ஆங்கில அகராதியார், போர்த்துக்கீசியர் வாய்வழியே சென்ற நம் கட்டில் என்னும் சொல்லே அஃதென்று எழுதியிருக்கின்றனர். நாகப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் ஆண்ட கும்பினியாரின் கப்பல்களில் என்னென்னவோ ஏற்றுமதியாயின. துணி போயிற்று, மிளகு போயிற்று, மனிதர் போயினர். அவற்றோடு ஒரு சொல்லும் போய்ச் சேர்ந்து, ஆப்பிரிக்க மலைகளைத் தாண்டி, தமிழ் இன்னதென்றறியாத மாதொருத்திக்குப் பிரசவப் படுக்கையாயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து விற்கப்பட்ட ஒருத்தி தன் எஜமானி வீட்டுக் கட்டிலைத் தட்டி விரிக்கும்போது அச்சொல்லைக் கேட்டு என்ன நினைத்திருப்பாளோ!

முதலிற் புறப்பட்டவர்களுள் ஒருவர் லூயி டிரிகார்ட் என்பவர். 1835-ல் எல்லையைக் கடந்த அவர் கூட்டத்தோடு வான் ரென்ஸ்பர்க் என்பவருடைய கூட்டமும் சேர்ந்து போயிற்று. பின்னர்ப் பிரிந்து முன்னேறிய வான் ரென்ஸ்பர்க் கூட்டத்தார் 1836-ல் லிம்போப்போ ஆற்றுப் பக்கத்தில் ஒருவர் விடாமற் கொல்லப்பட்டனர். டிரிகார்ட் வடகோடியிலுள்ள மலைப்பிரதேசத்தில் நெடுநாள் காத்திருந்தார். வெடிமருந்தும் துணியும் தீர்ந்து வந்தமையால், கீழ்க்கடற்கரையிற் போர்த்துக்கீசியர் வசமிருந்த துறையை அடையலாமென்று புறப்பட்டார். நடுவே நின்றது டிராக்கன்ஸ்பர்க் என்னும் பெருமலைத் தொடர். அதிற் பாதையென்பதே இல்லை. வழி தேடியும், பாறை உடைத்தும், மரம் வெட்டியும் ஒன்பது வண்டிகளைக் கீழே இறக்க அவர்களுக்கு இரண்டு மாதத்திற்கு மேல் ஆயிற்று. செங்குத்தான இடங்களில் பெரிய பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அச்சினடியில் கிளைகளோடு கூடிய மரங்களைக் கட்டித் தரையோடு தேய்த்து இழுத்தனர். சக்கரமிருந்தால் வண்டி மாட்டின்மேற் பாய்ந்துவிடுமன்றோ? இவ்விவரமெல்லாம் டிரிகார்ட் தம் கையால் எழுதிய நாட்குறிப்பினால் நமக்குத் தெரிகின்றது.

1838-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ந் தேதி அவர்கள் அத்துறையை அடைந்தனர். மலையை வென்றவர்களைக் கொசு வென்றது. தாழ்நிலத்து விஷஜுரம் ஒவ்வொருவராய்ப் பற்றியது. கால்நடைகளும் பல மாண்டன. மே மாதம் 1-ந் தேதி அவர் மனைவி மார்த்தா இறந்தாள். அதன்பின் சில தினங்களுள் அந்நாட்குறிப்பு நின்று விடுகின்றது. அவ்வருஷம் அக்டோபரில் அவரும் இறந்தார். எஞ்சியவர்கள் இருபத்தைவர் அளவில். பெரும்பாலும் விதவைகளும் பிள்ளைகளும். 1839-ல் மசெப்பா என்னும் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு நெட்டால் துறையிற் சேர்த்தது. வண்டியிற் புறப்பட்டவர்கள் கப்பலில் வந்திறங்கினார்கள்.

பொட்கீட்டர், சில்லியர்ஸ் என்பவரோடு சென்ற கூட்டத்தாரின் கதை வேறு. 1836-ம் வருஷம் அக்டோபரில் வெக்காப் என்னுமிடத்தில் உம்சிலிகாசி என்னும் அரசனுடைய இண்டெபெலே சேனை அவர்களைச் சூழ்ந்தது. வண்டிகள் ஏறக்குறைய ஐம்பது. போர்புரியத்தக்க ஆடவர் நாற்பதின்மருக்கு மேலில்லை. வண்டிகளை வட்டமாக நிறுத்தி, ஒன்றின் ஏர்க்காலை அடுத்ததன் அடியிற் செலுத்திப் பிணைத்து, இடைவெளிகளில் முள்மரங்களை அடைத்து, உள்ளே நின்று சுட்டனர். ஸ்திரீகள் குண்டு வார்த்தும் துப்பாக்கிக்கு மருந்திட்டும் கொடுத்தனர். வண்டிவட்டத்தினுள் விழுந்த ஈட்டிகள் ஆயிரத்திற்கு மேலென்பர். இறந்தோரோ அவர்கள் பக்கத்தில் இருவரே. ஆயினும், சேனை திரும்பும்போது மந்தைகளையெல்லாம் ஓட்டிச் சென்று விட்டது. மாடு ஐயாயிரமும், ஆடு ஐம்பதினாயிரமும் போயினவாகக் கணக்கிட்டனர். இழுக்க ஒரு மாடும் இல்லாத ஐம்பது வண்டிகள்! கறக்கப் பசுவுமில்லை, குழந்தைகள் பசியால் அழுதன.

அவர்களை அன்று காத்தவர் யாரென்றறிதல் வேண்டும். தாபாஞ்சு என்னுமிடத்திலிருந்த பரோலோங் ஜனங்களின் தலைவர் மொரோக்காவும், அங்கிருந்த ஆர்ச்பெல் என்னும் பாதிரியாரும் மாடுகளை அனுப்பி, வண்டிகளைத் தங்கள் ஊருக்கு இழுத்துவரச் செய்தனர். பாலும் தானியமும் கொடுத்தனர். நெடுநாளைக்குப் பின், அதாவது 1884-ல், போயர்கள் ஸ்தாபித்த ஆரஞ்சு சுதந்தர ராஜ்யத்தார் அதே தாபாஞ்சுவைத் தங்கள் ராஜ்யத்தோடு சேர்த்துக் கொண்டனர். மொரோக்கா அப்பொழுது உயிரோடில்லை.

உம்சிலிகாசியின் ஜனங்களும் 1837-ல் போயர் துப்பாக்கிக்கு ஆற்றாமல் வடக்கே லிம்போப்போவைக் கடந்து போயினர். இன்று சிம்பாப்வே என்று வழங்கும் நாட்டில் அவர் சந்ததியார் வாழ்கின்றனர். அவர்களுக்கு வண்டியில்லை, தலைச்சுமையே. அதுவும் குடிபெயர்ச்சிதான், ஆனால் அதற்குப் பெரும் பிரயாணம் என்று ஒருவரும் பெயரிட்டிலர்.

ரிட்டீபின் கூட்டம் 1837-ன் கடைசியில் டிராக்கன்ஸ்பர்க்கின் மேல்விளிம்பில் நெட்டால் நாட்டை நோக்கி நின்றது. நவம்பர் 12-ந் தேதி ரிட்டீபுக்குப் பிறந்தநாள். அவர் மகள் டெபோரா அங்குள்ள பாறையில் தன் தந்தையின் பெயரை வர்ணத்தால் எழுதினாள். அவரோ ஜூலு அரசன் டிங்கானிடம் நிலம் கேட்கப் போயிருந்தார். உறுதியான பதில் வருமுன்னரே வண்டிகள் நூற்றுக்கணக்காய்க் கீழிறங்கின. அவசரமே பெருந்தீங்காயிற்றென்று கருதுகிறோம். குடியேற இடங்கேட்பவன் குடும்ப சகிதமாய் முன்னரே வந்து நின்றால், இடங்கொடுப்பவன் அதனை வேண்டுகோளென்றெண்ணுவானா, படையெடுப்பென்றெண்ணுவானா?

1838-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 6-ந் தேதி டிங்கானின் அரண்மனையில் ரிட்டீபும் அவரோடு சென்ற ஏறக்குறைய எழுபது போயர்களும், முப்பது பணியாட்களும் கொல்லப்பட்டனர். பதினொரு நாள் கழித்து, ஆற்றங்கரைகளிற் காவலின்றித் தங்கியிருந்த வண்டிகளின்மேல் ஜூலுப்படை இரவில் விழுந்தது. ஆடவர் 41, பெண்டிர் 56, குழந்தைகள் 185 என்று எழுதி வைத்தனர் போயர்கள். பணியாட்களை மட்டும் ஏறக்குறைய 250 என்று மொத்தமாகக் குறித்தனர். அப்பக்கத்தில் பிற்பாடு எழுந்த ஊருக்கு வீனன் என்று பெயர். அழுகை என்பது பொருள்.

வண்டித் தச்சர் மாரிட்ஸும் அவ்வருஷம் செப்டம்பரில் நோயால் மாண்டார். டிசம்பர் 16-ந் தேதி, பிரிட்டோரியஸ் என்னும் புதிய தலைவரின் கீழ் 464 பேர், 64 வண்டிகளை இங்கோமே ஆற்றங்கரையில் வட்டமிட்டு நிறுத்தினர். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே முள்ளுக்குப் பதிலாக, ஏணிபோல் மரச்சட்டம் கோத்த தட்டிகளை முன்னதாகவே செய்வித்துக் கொணர்ந்திருந்தார் அவர். வேண்டும்போது திறந்து குதிரைவீரர் வெளிவரலாம். அன்று ஜூலுக்கள் மூவாயிரவர் அளவில் மடிந்தனர். போயர்களில் மூவருக்குக் காயம். ஆறு சிவந்தோடியதால் அதற்கு இரத்த ஆறு என்று பெயரிட்டனர். தட்டி கோத்த தச்சன் திறமையும் அம்மூவாயிரவர் உயிரிழந்ததற்கு ஒரு காரணமென்பதை எண்ணும்போது, மேலே மாரிட்ஸைப்பற்றி நாம் கொண்ட மகிழ்ச்சி சிறிது குறைகின்றது.

வென்ற நாட்டில் 1839-ல் குடியரசு ஒன்றை நாட்டினர். தலைநகர்க்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று பெயர். நான்கே வருஷம். 1843-ல் ஆங்கிலேயர் நெட்டாலைத் தங்கள் ராஜ்யத்தோடு இணைத்தனர். ஆடவர் சமாதானத்திற்கு இசைந்தபோது பெண்மக்கள் இசையவில்லை. மாரிட்ஸின் சகோதரியாகிய சுசன்னா ஸ்மிட் என்பவள் பெண்கள் கூட்டத்தோடு ஆங்கிலப் பிரதிநிதியின் முன் சென்று, அவ்வாளுகைக்குட்படுவதினும் வெறுங்காலோடு டிராக்கன்ஸ்பர்க்கைத் திரும்பக் கடப்பதே மேலென்று கூறினாள். பலர் மறுபடியும் வண்டி பூட்டி மலையேறி மேற்கே போயினர். அங்கே அவர்கள் அமைத்த இரண்டு ராஜ்யங்களை ஆங்கிலேயர் 1852-லும் 1854-லும் ஒப்புக்கொண்டனர்.

நெட்டாலில் கரும்பு பயிரிடத் தொடங்கிய ஆங்கில முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1860-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி சென்னையிலிருந்து டுரூரோ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை அங்கே இறக்கியது. நம்மவர் கதை அந்நாட்டில் இங்ஙனம் தொடங்கிற்று. ஒப்பந்தம் தீர்ந்தவர்களிற் சிலர் மலைக்கப்பால் பிழைக்கச் சென்றபோது, வண்டியில் வந்தவர்களின் ராஜ்யங்கள் கதவை அடைத்தன. டிரான்ஸ்வாலில் 1885-ல் இந்தியர்க்கெதிரான சட்டம் எழுந்தது. ஆரஞ்சு ராஜ்யத்தில் 1891-ல் அவர்கள் குடியிருக்கவே கூடாதென்றாயிற்று.

1913-ம் வருஷம், ஒப்பந்தம் தீர்ந்தவர் தலைக்கு மூன்று பவுன் கட்ட வேண்டுமென்ற வரியை எதிர்த்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையை விட்டனர். அவர்களைத் தூண்டியவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்மணிகள் சிலர். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். சுரங்க முதலாளிகளின் குடியிருப்பை விட்டு வெளியேறும்போது, உடுத்த துணியும் கம்பளியும் தவிர வேறு சாமான் எடுத்து வரவேண்டாவென்றார் காந்தியடிகள். பல வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பானை, பாத்திரம், பெட்டி, கட்டில் யாவற்றையும் அவர்கள் விட்டு வந்தனர். அனுமதிச்சீட்டின்றி டிரான்ஸ்வாலிற் புகுதல் குற்றம். அக்குற்றத்தைச் செய்யவே புறப்பட்டனர். நவம்பர் 6-ந் தேதி எல்லையைக் கடந்தவர்கள் ஆடவர் 2,037, பெண்டிர் 127, குழந்தைகள் 57. நாளொன்றுக்கு ஆளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும், சிறிது சர்க்கரையும் உணவு. வழியில் ஒரு தாயின் குழந்தை குளிரால் இறந்தது. ஓடையைக் கடக்கும்போது மற்றொருத்தியின் கையிலிருந்து நழுவிய குழந்தை நீரிற் போயிற்று. அத்தாய்மார் நிற்காமல் நடந்தனர்.

அவர்கள் எல்லை கடந்த இடத்திலுள்ள ஊருக்கு வால்க்ஸ்ரஸ்ட் என்று பெயர். மக்கள் இளைப்பாறுமிடம் என்பது அதன் பொருளாம். 1881-ல் ஆங்கிலேயரை வென்ற போயர் படை தங்கியதால் வந்த பெயரென்பர்.

இரத்த ஆற்றின் நாள் போயர்க்கு வெகுகாலம் பெருந்திருநாளாயிருந்தது. 1938-ல் நூற்றாண்டு விழாவென்று மாட்டுவண்டிகளைக் கேப் டவுனிலிருந்து பிரிட்டோரியா வரையில் மறுபடியும் ஓட்டினர். 1949-ல் அங்கே பெரிய ஞாபக மண்டபமொன்றைத் திறந்தனர். அதனைச் சூழக் கருங்கல்லில் 64 வண்டிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அத்தேசத்தில் யாவர்க்கும் வாக்குரிமை வந்த பிறகு, 1995 முதல் டிசம்பர் 16 நல்லிணக்க நாளென்று கொண்டாடப்படுகின்றது. ஆற்றின் ஒரு கரையில் வெண்கல வண்டிகள் வட்டமாய் நிற்கின்றன. மறுகரையில் மாண்ட ஜூலுக்களை நினைவுகூரும் அரும்பொருட்சாலை பிற்காலத்தில் எழுந்தது.

நடந்துசென்ற நம்மவரை எல்லைக்கப்பால் பால்பர் என்னும் ஊரில் நவம்பர் 10-ந் தேதி கைது செய்து, மூன்று தனிப் புகைவண்டிகளில் ஏற்றி, வந்த வழியே நெட்டாலுக்குத் திருப்பியனுப்பினர். ஏற்றுவதற்குச் சாமான் ஒன்றுமில்லாமையால் வண்டிகள் தாமதமின்றிப் புறப்பட்டன.